முகத்தைக் காட்டிய செல்வி

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியில் சினிமா பார்த்தேன். தியேட்டரில் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து.

ஹெச்.ஐ.வி. பற்றிய குறும்பட விழா. செம்பூரில் இருக்கும் ஒரு சின்ன அமைப்பு நடத்தியது. படம் முடிந்ததும் பார்வையாளர்களைப் பேச வைக்க வேண்டும் – அதற்குத்தான் என்னை அழைத்திருந்தார்கள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு இது கைவந்த கலை என்று யாரோ நம்பிவிட்டார்கள், பாவம்.

கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. பட்டறைகளுக்கு லீவு நாள், இலவச சினிமா... விஷயம் என்னவென்று தெரிந்ததும் பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கடைசிப் படத்தில் தாராவிப் பெண் ஒருவர் பேசினார். கணவர் இறந்த பிறகுதான் தனக்கும் ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததாம். தினமும் மாத்திரை சாப்பிடுகிறார், வேலை செய்கிறார், மகளைப் படிக்க வைக்கிறார். திரையில் அவர் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். குரலையும் மாற்றியிருந்தார்கள்.

விளக்கு எரிந்தது. மைக்கைப் பிடித்து, "யாராவது ஏதாவது கேட்கலாமே" என்றேன். யார் கேட்பார்கள்? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் கேட்டார்.

"முகத்த எதுக்கு மறைக்கணும்? தப்பு பண்ணாதவ ஏன் மறைக்கா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். செல்வி. அந்தத் தெருவுக்கே தெரிந்தவர். பட்டறைகளுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா கொடுப்பவர்.

"தப்புன்னு மறைக்கலக்கா. பயந்து மறைச்சேன். படத்துல வந்தது நான்தான்."

செல்வி முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் சோத்தத்தான இங்க பாதிப்பேரு சாப்பிடுதிய... தெரிஞ்சா வேண்டாம்னுருவியளோன்னு பயம். மவ படிப்பு இருக்குல்லா? அதான் முகத்த காட்டாதியன்னு சொல்லிட்டேன். இப்ப நீங்க கேட்டதும் சும்மா உக்கார முடியல."

எல்லோருடைய கண்ணும் காதர் பாய் பக்கம் திரும்பியது. தோல் பை பட்டறை வைத்திருப்பவர். அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் சாப்பிடுவது செல்வியின் சாப்பாடுதான். அவர் வேண்டாம் என்றால் மற்ற பட்டறைகளும் வேண்டாம் என்றுவிடும்.

காதர் பாய் நிதானமாக எழுந்தார். முலுண்டிலிருந்து விழாவுக்கு வந்திருந்த டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"வெளிப்படையா கேக்கேன் டாக்டரம்மா. சோறு, கொழம்பு வழியா இது வருமா?"

"வராது பாய். சேர்ந்து சாப்பிட்டா வராது, தொட்டா வராது. காண்டம் இல்லாத உடலுறவு, ஒருத்தருக்குப் போட்ட ஊசியையே இன்னொருத்தருக்குப் போடறது, சோதிக்காத ரத்தம், தாய்கிட்டேருந்து குழந்தைக்கு... இப்படித்தான் வரும். ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு, டெஸ்ட்ல வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைஞ்சு போச்சுன்னா, உடலுறவு மூலமாக்கூடப் பரவாது."

"அப்ப செரி." செல்வியிடம் திரும்பினார். "நாளைக்கு வழக்கம்போல அனுப்பும்மா. எனக்கு மட்டும் உப்பக் கொறச்சுப் போடு. பிரஷர் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். செல்வியும் சிரித்தார், பிறகு உட்கார்ந்து அழுதார். கேள்வி கேட்ட பெண் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு பட்டறைகள் டப்பாவை நிறுத்திவிட்டன. போனில் செல்வியே சொன்னார்.

"போவட்டும்க்கா. பயந்துகிட்டே சமைக்கதுக்கு இது எவ்வளவோ தேவல. அடுத்து மாட்டுங்கா ஏரியாவுல படத்தப் போடும்போது என் முகத்தோடயே போடச் சொல்லிட்டேன்."

அந்த இரண்டில் ஒரு பட்டறை வாரக் கடைசியில் மறுபடி டப்பா கேட்டிருக்கிறது. இன்னொன்று? பார்ப்போம்.

லோக்கல் ரயிலுக்கு நிற்கும்போது ஹெச்.ஐ.வி. போஸ்டர் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வண்டி வந்ததும் ஏறிவிடுவேன். இருட்டில் உட்கார்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கொஞ்ச நேரம் பார்ப்பது வேறு. அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு நன்றி. எழுந்து நின்ற செல்விக்கு, கூச்சப்படாமல் கேட்ட காதர் பாய்க்கு... ஏன், முகத்தை எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கும்தான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று பக்கத்து அறையில் ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஏற்பாடு இருந்தது. கூட்டம் கலைந்ததும் காதர் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்த அறை வாசலில் போய் நின்றார். அவர் பின்னால் அவருடைய ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் நான்.

வரிசையில் நிற்க மும்பைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? முதல் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.