பத்தொன்பதாம் எண் மிசாகி

உசாமி தெய்ஜி தன் வாழ்நாளில் செய்த சைக்கிள்கள் மொத்தம் இருபத்து மூன்று. அவற்றைத் தேடித் தேடி வாங்கி, ஆக்ஸா பிளேடால் துண்டு துண்டாக அறுத்து, பெரிய குப்பை எடுக்கும் நாளில் கட்டணச் சீட்டு ஒட்டித் தெருமுனையில் வைத்தவரும் அவரேதான். அதே சைக்கிள் ஒன்று கிடைக்காதா என்று பக்கத்து ஒசாகாவில் ஆட்கள் தவம் கிடந்தார்கள். அவருக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அறுத்தார்.

"ஊரே தேடுற பொருளை நீங்க கயிறு கட்டிக் குப்பையில வைக்கிறீங்க. காக்கா கூட உங்கள ஒரு மாதிரி பாக்குது," என்பாள் அவர் மனைவி ஹருயோ. சொல்லிவிட்டு, முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து அவளே மறுபடி கட்டுவாள்.

சகாய் நகரத்தில் இரும்புக் குழாய் தெரியாதவன் கிடையாது. உசாமிக்கு இருபத்தெட்டு வயதில், மிசாகி என்ற சைக்கிள் கடையின் பின்கொட்டகையில் வேலை. முதுகுப்பையும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு மலைக் கணவாய்களைத் தாண்டிப் போகிற நெடும்பயணச் சைக்கிள்கள் அவை. ஆளின் கால் நீளம், கை நீளம் அளந்து, ஒருவருக்கு ஒன்று என்று செய்வார். சைக்கிளில் கடைப் பெயர்தான் இருக்கும். செய்தவன் பெயர் எங்கேயும் இருக்காது. அது அங்கே வழக்கம், அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. பெடல் அச்சுக்கு அடியில் ஒரு எண் மட்டும் குத்துவார்.

வருத்தமில்லை என்றாலும் கர்வம் இருந்தது. குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் உறைபோல ஒரு மூட்டு போட்டு, பித்தளை உருக்கி ஊற்றிப் பற்றவைப்பார்கள். பிறகு அந்த மூட்டின் ஓரத்தை அரத்தால் ராவி மெலிதாக்குவார்கள். எவ்வளவு மெலிசோ அவ்வளவு பெரிய கை என்பது அந்த உலகத்தின் கணக்கு. வசந்தகாலக் கண்காட்சியில் ஆர்வலர்கள் வந்து சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்ப்பார்கள். மூட்டு எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது. "காகிதம் மாதிரி இருக்கே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் உசாமிக்கு இரண்டு நாள் சோறு வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்காக ராவினார், ராவினார், ராவிக்கொண்டே இருந்தார். மூட்டு தீர்ந்துபோய் அரம் குழாயைக் கடித்தது அவருக்குத் தெரியவில்லை. பெயிண்ட் அடித்ததும் அதுவும் அழகாகத்தான் இருந்தது.

1976 இலையுதிர் காலத்தில், பத்தொன்பதாம் எண் சைக்கிளில் தமாகி கோசுகே என்ற கல்லூரி மாணவன் ஒரு கணவாயிலிருந்து இறங்கும்போது, கைப்பிடியைத் தாங்குகிற முன்கழுத்துக்குப் பின்னால் கீழ்க்குழாய் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தாடை உடைந்தது, தோள் எலும்பு உடைந்தது, முன்பற்கள் ஆறு போயின. உயிர் மிஞ்சியது பெரிய விஷயம்.

பத்து நாள் கழித்துப் பையனின் அப்பா வந்தார். ஆரஞ்சுத் தோட்டக்காரர், இதற்கென்றே கோட்டுப் போட்டு வந்திருந்தார். ஒரு கையில் துணி சுற்றிய உடைந்த பிரேம், மறு கையில் ஒரு பெட்டி கஸ்தெல்லா கேக். வந்தவர் சண்டைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். தன் மகன் கண்மண் தெரியாமல் ஓட்டி இவ்வளவு நல்ல வேலைப்பாட்டை நாசம் செய்துவிட்டான், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இடுப்பு வளையக் குனிந்தார். உசாமி உடைந்த இடத்தைப் பார்த்தார். குழாயைச் சுற்றி அரத்தின் பல் பதிந்த கோடு. உடைப்பு அந்தக் கோட்டிலேயே ஓடியிருந்தது. கடை முதலாளி அதைப் பார்க்கவில்லை, அப்பாவும் பார்க்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பையன் பிழைச்சதே போதும்" என்று முதலாளி பதிலுக்குக் குனிந்தார். அதற்குள் கேக் பெட்டி உசாமியின் கைக்கு வந்துவிட்டது. வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல நின்றார். பெரியவர் பிரேமைத் திரும்பச் சுற்றி, எங்கேயாவது எறிந்துவிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார்.

உசாமி அடுத்த மாதமே கடையை விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்து முப்பத்து நாலு வருஷம் குழாய் ஒட்டினார். கட்டிலில் ஏறி யாரும் மலையிறங்குவதில்லை. அவர் ஒட்டிய கட்டில்கள் தேவைக்கு இரண்டு மடங்கு கனமாக இருக்கின்றன என்று மேற்பார்வையாளர் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

ஓய்வு பெற்ற மறு வாரம் தேடத் தொடங்கினார். பழைய ஆர்டர் நோட்டு கையில் இருந்தது. பத்தொன்பதை விட்டால் இருபத்திரண்டு, எல்லாமே அதே அரம் ராவியவை, எது எப்போது பிரியும் என்று சொல்ல முடியாது. அவற்றில் நான்கு இரும்புக் கடைக்குப் போய்விட்டதை விசாரித்து உறுதி செய்துகொண்டார். மீதிப் பதினெட்டுக்காக ஏலம், சைக்கிள் கழகம், பழைய சைக்கிள் சந்திப்பு என்று பதின்மூன்று வருஷம் அலைந்தார். ஒரு கடிதம் எழுதி எல்லாருக்கும் உண்மையைச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். ஹருயோவும் கேட்டாள். ஆனால் அதற்கு வாயைத் திறக்க வேண்டும். அறுப்பதற்கு வாய் தேவையில்லை.

அவர் ஒவ்வொன்றாக அறுக்க அறுக்க, மிச்சமிருந்தவற்றின் மவுசு ஏறிக்கொண்டே போனது. அரிய மிசாகி, கிடைக்காத மிசாகி என்று பேச்சு. ஒவ்வோர் அக்டோபரிலும் யோதோ ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆர்வலர்கள் பழைய சைக்கிள்களை வரிசையாகக் கிடத்தி வைத்துக்கொண்டு, கட்டுச்சோறு தின்றபடி, மிசாகியைச் செய்தவர் யார் என்று அலசுவார்கள். ஒருவர் அது பிரான்சுக்குப் போய்ப் படித்தவர் கை என்பார். இன்னொருவர் ஒரே ஆளால் முடியாது, அண்ணன் தம்பி இருவர் என்பார். அவரை ஒரு கட்டுரையில் சாகடித்தும் விட்டார்கள். உசாமி ஓரமாக உட்கார்ந்து தன் சாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு சோற்று உருண்டையைக் கடிப்பார். அவரையும் அவர்கள் ஒரு சேகரிப்பாளர் என்றுதான் நினைத்திருந்தார்கள். வாங்குவார், காட்ட மாட்டார், கஞ்சப் பிசினாறி என்று பெயர்.

போன வருஷம் வசந்தத்தில் பதினெட்டாவதையும் அறுத்து முடித்தார். இனித் தேட ஒன்றுமில்லை. இருந்தாலும் அக்டோபரில் பழக்க தோஷத்தில் கால் ஆற்றங்கரைக்குப் போயிற்று. நாகுமோ என்ற பள்ளிக்கூட வாத்தியார், பிணத்தைப் பார்த்துவிட்டு வந்த முகத்தோடு, போனில் ஒரு படத்தைக் காட்டினார். வாக்கயாமா பக்கம் ஓர் ஆரஞ்சுத் தோட்டக் கொட்டகையில் எடுத்தது.

"மிசாகிதான், எண் கூட இருக்கு, பத்தொன்பது. ஆனா பாருங்க இந்தக் கொடுமைய. எவனோ ஒரு கொத்தன் முன்கழுத்துல இரும்புப் பட்டைய சுத்தி, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி பித்தளைய அப்பி வச்சிருக்கான். சும்மா குடுத்தாலும் வேணாம்," என்றார் நாகுமோ.

உசாமி சோற்று உருண்டையைக் கீழே வைத்தார். எறிந்துவிட்டதாக அவர் நாற்பத்தேழு வருஷமாக நம்பிய சைக்கிள், பின்னால் ஆரஞ்சுக் கூடை கட்டி நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பையில் ஆக்ஸா பிளேடை வைத்தார். ஹருயோ அதை எடுத்து வெளியே வைத்தாள்.

"அறுக்கப் போறீங்களா, பேசப் போறீங்களா?"

"ரெண்டும்."

"ரெண்டும் உங்களால ஆகாது. போற வழியில கஸ்தெல்லா வாங்கிக்குங்க. அந்தப் பெட்டிக்கு நாம இன்னும் பதில் செய்யல," என்றாள்.

நவம்பரில் முதல் காய்ப்பு பறிக்கிற சமயம். மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சு. அன்று விழுந்த மாணவன் தமாகிக்கு இப்போது அறுபத்தேழு வயது, கட்டை குட்டையான மனிதர், சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார். உசாமி தன் பெயரைச் சொல்லி, "அந்த சைக்கிளைச் செஞ்சது நான்தான்" என்றார். நாற்பத்தேழு வருஷத்தில் அந்த வாக்கியத்தை வெளியாளிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அடுத்த வாக்கியத்தையும் ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அதற்குள் தமாகி தொப்பியைக் கழற்றிவிட்டார், மனைவியைக் கூப்பிட்டுவிட்டார், டீ வந்துவிட்டது. கேக் பெட்டியை அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டு போனாள். மரியாதை இப்படி மேலே வந்து விழும்போது மனிதன் என்னதான் பேசுவான்.

கொட்டகையில் உசாமி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டை விரலால் தடவினார். விரல் எங்கே பார்த்தாலும் முட்டியது. கட்டி, மேடு, பள்ளம். உழவு இயந்திரம் ரிப்பேர் செய்கிற சித்தப்பா ஒட்டிக் கொடுத்தது என்றார் தமாகி. உசாமி பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு அங்குலமாக விரிசல் தேடினார். ஒரு மயிரிழை கூட இல்லை. அவர் கைவேலையை மறைத்து அதன்மேல் இன்னொருவர் அப்பிய அந்த அசிங்கம் ஒரு யானையைத் தாங்கும். தான் செய்த இருபத்து மூன்றில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. இதை அறுக்க வேண்டியதில்லை. அறுக்க வேண்டியதில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. மனசு லேசாயிற்று, லேசானதற்காக வெட்கமும் வந்தது, ஆனாலும் லேசாகத்தான் இருந்தது.

தமாகி பேச்சுவாக்கில் சொன்னார். தினமும் இதில்தான் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறார். ஆனால் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாராம். ஊரில் அவருக்குப் பட்டப் பெயரே தள்ளுவண்டி. விழுந்ததற்கு அடுத்த வருஷம் கல்லூரிக் கூட்டாளிகள் சைக்கிளில் ஹொக்காய்டோ தீவு முழுக்கச் சுற்றியபோது அவர் போகவில்லை, கல்லூரிச் சைக்கிள் கழகத்திலிருந்தும் விலகிவிட்டார். அப்பா சாகும்வரை, வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம், நல்லவர் ஒருத்தர் செய்ததை உடைத்தவன் நீ, மறக்காதே என்பாராம். இதையெல்லாம் அவர் வாயை மறைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். உசாமி ரயிலுக்கு நேரமாகிறது என்றார்.

வாசலில் தமாகி ஒரு பெட்டி நிறைய ஆரஞ்சோடு வந்து நின்றார். பெட்டியை நீட்டியபடியே குனிந்தார்.

"அன்னிக்கு அப்பா வந்து மன்னிப்புக் கேட்டாரு. எனக்குத் தாடைய கட்டிப் போட்டிருந்தாங்க, வர முடியல. அதுக்கப்புறம் வெக்கமா இருந்துச்சு. இவ்வளவு நல்ல வேலைய நான் கெடுத்துட்டேன், உசாமி சான். என்ன மன்னிச்சிடுங்க."

பெட்டியைக் கண்டதும் உசாமியின் கைகள் தாமாகவே எழுந்தன. அப்பாவிடம் ஒன்று வாங்கியாயிற்று. இப்போது மகனிடம் இரண்டாவது. கைகள் பாதியில் நின்றன, பிறகு இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டன.

"இத நான் வாங்க முடியாது," என்றார். "நீங்க கெடுக்கல. அது உடைஞ்சது என்னால. மெலிசா இருக்கணும்னு ராவி ராவி அரம் குழாயைக் கடிச்சிருந்துச்சு. உங்கப்பா கொண்டு வந்த அன்னிக்கே நான் அந்தக் கோட்டைப் பாத்தேன். பாத்துட்டு, கேக் பெட்டிய வாங்கிக்கிட்டு, வாய மூடிக்கிட்டேன்."

தமாகி பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அதைத் தரையில் வைத்தார். கோபம் வருமென்று உசாமி காத்திருந்தார், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் பிரேக் புடிச்சிக்கிட்டுதான் இறங்கினேன்," என்றார் தமாகி மெதுவாக. "எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அப்பாகிட்ட நூறு தடவ சொன்னேன். அவரு நம்பல. அப்புறம் நானும் நம்பல."

தமாகி செருப்பைக் கழற்றி உள்ளே ஏறினார்.

"வாங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது. அங்க சொல்லுங்க."

உள் அறையில் முன்னோர் மாடம். அப்பாவின் படம், அதே கோட்டோடு. படத்துக்கு முன்னால், வந்த பண்டம் எதுவானாலும் முதலில் செத்தவருக்கு என்ற வழக்கப்படி, கஸ்தெல்லா பெட்டி பிரிக்காமல் இருந்தது. உசாமி முட்டி போட்டு உட்கார்ந்து ஊதுபத்தி ஏற்றினார், சின்ன மணியைத் தட்டினார். மணிச்சத்தம் அடங்கும்வரை இருந்துவிட்டு, தரையில் நெற்றி படக் குனிந்து, பையன்மேல் தப்பில்லை, தப்பு தன்மேல்தான் என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

தமாகி அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் வாயை மறைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவ, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார். "அப்பாவுக்குக் கடைசியில காது சரியா கேக்காது."

உசாமி நிமிர்ந்து உட்கார்ந்து, தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.