பேய் பங்களா மனையில் ஒரு பசுமாடு

ஞாயிறு காலை 5.40. ஆவடியில் பூந்தமல்லி பேருந்தில் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய், பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் என்னவோ நான் காடு மலை தாண்டிப் போவதுபோல் நெற்றி நிறைய விபூதி பூசி அனுப்பினார்கள். போகிற இடம் நசரத்பேட்டை பேய் பங்களா அல்லவா! பல வருடம் பூட்டிக் கிடந்து, சலங்கைச் சத்தம் கேட்கிறது என்று பெயர் வாங்கிய கட்டடம். யூடியூப்காரர்கள் கேமராவோடு சுவரேறிக் குதித்து அதன் புகழை இன்னும் பரப்பிவிட்டார்கள். இப்போது அதை இடித்தாயிற்று. அந்த மனையில் என் தங்கை மாலதி வீடு கட்டி, இன்று பால் காய்ச்சுகிறாள்.

கீழ்த்தளத்தின் பின்பாதியில் குழந்தைகள் காப்பகம் திறப்பது அவள் திட்டம். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் காப்பகத்தில் வேலை பார்த்தவள். பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஐ.டி. வேலைக்குப் போகும் மூன்று தாய்மார், விழாவுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பின்வாங்கினால் வேறு யாரும் குழந்தையை அனுப்பமாட்டார்கள்.

6.30, பூந்தமல்லி. அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"இன்னா நைனா, பேய் பங்களாவா? தெரு முனையிலயே வுட்டுடுவேன். உள்ளல்லாம் வரமாட்டேன்."

"அங்க இப்ப எங்க தங்கச்சி வீடுதான் இருக்கு."

"அப்ப அவங்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

சொன்னபடி முனையிலேயே இறக்கிவிட்டார். நூறு ரூபாயை மட்டும் பயமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

7.30, முகூர்த்தம். பசுவும் கன்றும் முதலில் உள்ளே போகவேண்டும். கழுவிக் கோலம் போட்டு முடித்தபின், பசுவுக்குமுன் வேறு யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. மாட்டுக்காரர் ஏழுமலை பசுவை வாசல்வரை ஓட்டிவந்தார். அது நின்றது. இழுத்தார். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னுக்குப் போனது.

கேட்டுக்கு வெளியே தெருவே கூடிவிட்டது. "மாட்டுக் கண்ணுக்குத் தெரியும்பா," என்றது ஒரு குரல். தாய்மார் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் கோயம்புத்தூர்க்காரர் நித்யா, இடுப்பிலிருந்த கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டார். இன்னொருவர் போனில் வண்டி புக் செய்யத் தொடங்கினார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாலதி மட்டும் குனிந்து மாட்டின் காலைப் பார்த்தாள்.

"அண்ணே, இது பேயைப் பார்க்கல. தரையைப் பார்க்குது."

முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ். கடையில் நான் அடம்பிடித்து வாங்கவைத்தது. அதைக் கழுவி ஈரத்தோடு கோலம் வேறு போட்டிருந்தோம்.

"ஆமா அண்ணாத்தே, இதும்மேல மாடு எப்டி கால் வைக்கும்? நானே வழுக்கி வுழுந்துடுவேன்," என்றார் ஏழுமலை.

காப்பகத்துக்கு வாங்கிய ரப்பர் பாய்கள் கேட்டருகே கட்டாகக் கிடந்தன. மாலதி கட்டைப் பிரித்து, வாசற்படியில் நின்றபடியே மஞ்சள், சிவப்பு, பச்சை என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி விரித்தாள். கயிற்றைத் தானே வாங்கிக்கொண்டு, "வாம்மா, இப்ப வழுக்காது," என்றாள். பசு ஒரு காலை வைத்துப் பார்த்தது. பிறகு கன்றோடு நேரே கூடத்துக்குப் போய், சிவப்புப் பாயில் தாராளமாகச் சாணி போட்டது. தெருவே கைதட்டியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பால் பொங்கியதும் நித்யா கேட்டார்: "காப்பகத்துலயும் இதே டைல்ஸ்தானுங்களாக்கா?"

"தவழற புள்ளைங்களுக்கு இதைப் போடுவேனா? அங்க சொரசொரப்பான தரை, அதும்மேல பாய். இது எங்க அண்ணன் ஆசைக்குப் போட்டது."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நித்யா குழந்தையை மாலதி கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். போனில் புக் செய்தவரும் வண்டியை ரத்து செய்துவிட்டு, மூன்றாமவரோடு பக்கத்து இலையில் அமர்ந்தார்.

9.00, புறப்பட்டேன். எங்கள் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. இத்தனை வருடத்தில் அங்கே எதற்கும் துணியவேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. ஊரே ஒதுங்கிப்போன மனையில் துணிந்து வீடு கட்டியவள் என் தங்கை. இதை ஆவடியில் போய் எத்தனை பேரிடம் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

அப்போது நித்யா சாப்பிட்டுவிட்டு வந்து குழந்தைக்குக் கை நீட்டினார். அது மாலதியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வரமாட்டேன் என்றது.