வீட்டில் எப்படிக் கூப்பிடுவாங்க?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கத்தி பிடித்த டாக்டரின் முகம் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்த முகத்தை மட்டும் மறந்திருக்கவே மாட்டார்கள். கறுத்த, அகலமான முகம், கொஞ்சம் எடுப்பான பல், தலைக்குமேல் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி. இசக்கியம்மாள் சிஸ்டர். கடைத்தெருவில் அவளைக் கண்டால் முன்பின் பழக்கமில்லாதவர்கள்கூடக் கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது என்பது யாருக்கும் தெரியாது.

அவளுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். கணவர் அய்யாசாமிக்குப் பவர் ஹவுஸில் வேலை கிடைத்ததும் கூடவே வந்தவள், ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள். மயக்க டாக்டர்தான் அவளைப் பொறுக்கி எடுத்து ஆபரேஷன் தியேட்டரில் போட்டார். மருந்து ஏறும்வரை நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, ஆபரேஷன் முடிந்ததும் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், முழுசாக நினைவு வரும்வரை கூடவே இருப்பது. கேட்பதற்கு இவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த நேரத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்தால் ஆள் போய்விடும். வாந்தி வந்து மூச்சுக்குழலில் இறங்கினாலும் போய்விடும். தாடையை முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டும், தலையை ஒருபக்கம் சாய்க்க வேண்டும், நாடியைப் பார்க்க வேண்டும், உதட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கத்தியிடம் தப்பித்த உயிர், அவள் கவனம் பிசகினால் தப்பாது.

எழுப்புவதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் அசைய மாட்டார்கள். ராஜராஜேஸ்வரி, ராஜராஜேஸ்வரி என்று தொண்டை கிழியக் கத்தினாலும் கட்டையாகக் கிடந்த ஒருத்தி, "பாப்பா" என்றதும் பொசுக்கென்று கண்ணைத் திறந்தாள். அன்றிலிருந்து மருந்து ஏற்றுவதற்குமுன் எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பாள்: "வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?" அதிகாரிகளிடமும் கேட்பாள். நிலக்கரி மைன்ஸையே ஆட்டிவைத்த ஒரு பெரிய மனிதர் "குண்டா" என்று கூப்பிட்டதும்தான் எழுந்தார்.

குண்டா விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? டவுன்ஷிப்புக்கே தெரியும். ஏனென்றால் இசக்கியம்மாளுக்கு இன்னொரு திறமையும் இருந்தது. தியேட்டரை ஒட்டி டீ குடிக்கும் அறை ஒன்று உண்டு. காலையில் கேஸெல்லாம் முடிந்ததும் எல்லோரும் அங்கே கூடுவார்கள். மயக்கத்தில் யார் என்ன உளறினார்கள் என்பதை அதே குரலில், அதே இழுவையில் அவள் பேசிக் காட்டுவாள். மயக்க டாக்டரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ரத்தமும் சீழும் பார்த்த களைப்பு தீர வேறென்ன இருக்கிறது? யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அவளுக்கும் படவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு பெண்ணை வயிற்றுக் கட்டிக்காகக் கொண்டுவந்தார்கள். சீட்டில் சந்திரகலா, கணவர் கோபாலகிருஷ்ணன், மைன்ஸில் ஆபரேட்டர் என்று இருந்தது. குதிகாலில் வெடிப்பு, உள்ளங்கையில் காய்ப்பு. குவார்ட்டர்ஸில் இருக்கும் பொம்பளைக்கு ஏது இந்தக் காய்ப்பு என்று இசக்கியம்மாளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. கையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டாள்.

அந்தப் பெண் தயங்கினாள். கண்ணில் பயம் இருந்தது. பிறகு, உயிருக்கு முன்னால் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள்.

"வூட்ல... வீராயின்னு கூப்புடுவாங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வம்பு பிறகுதான் வந்தது. பக்கத்து அறைக்கு வந்ததும் மூச்சு மேலோட்டமாகி, உதடு நீலம் பாரித்தது. தாடையைத் தூக்கிப் பிடித்து, ஆக்சிஜனை முகத்தில் வைத்து, இசக்கியம்மாள் காதோரம் குனிந்து கத்தினாள்.

"வீராயி! ஏ வீராயி! மூச்ச இழு! நல்லா இழு!"

எங்கோ ஆழத்திலிருந்து "ஆங்" என்று பதில் வந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. உதட்டில் சிவப்பு திரும்பியது. அந்த நேரத்தில் 'சந்திரகலா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பெண் திரும்பி வந்திருப்பாளா என்பது சந்தேகம்தான். இதை இசக்கியம்மாள் பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதனால் ஒன்றும் ஆறவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் வீராயி பேச ஆரம்பித்தாள். "எம் புருசன் அய்யனாரு வெளிய நின்னுகினு இருக்கும். சோறு துன்னுச்சான்னு கேளுங்க. காலைலேருந்து ஒண்ணும் துன்னல."

"யாரும்மா அய்யனாரு? சீட்டுல கோபாலகிருஷ்ணன்னுல்லா போட்டிருக்கு?" என்று இசக்கியம்மாள் சிரித்தாள்.

மயக்கத்திலும் அந்தப் பெண்ணின் கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது. நன்றாக நினைவு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "நான் எதுனா பேசினனா சிஸ்டர்?"

"ஒண்ணும் பேசல. தூங்கும்மா."

இசக்கியம்மாளுக்குப் புரியாமல் இல்லை. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி கிடையாது, பெர்மனெண்ட் ஆட்களுக்குத்தான். அய்யனார், கோபாலகிருஷ்ணனுக்குக் கீழே கான்ட்ராக்டில் மண் வாரியவன். கோபாலகிருஷ்ணனின் மனைவிக்குப் பிரசவமானபோது ஊரிலிருந்து ஆள் வர முடியாமல் போக, குழந்தையைக் குளிப்பாட்டி, துணி துவைத்துப் போட்டு ஒரு மாதம் பார்த்துக்கொண்டவள் வீராயி. அந்த நன்றிக்குத்தான் சந்திரகலா தன் பெயரையே கழற்றிக் கொடுத்திருந்தாள். இந்த விவரமெல்லாம் பிறகு விசாரணையில் வந்தது. அன்றைக்கு இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: யாரோ யாருடைய ஆஸ்பத்திரி கார்டிலோ வந்திருக்கிறார்கள். டவுன்ஷிப்பில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பார்த்தும் பாராமல் இருப்பதுதான் வழக்கம்.

பார்த்தும் பாராமல் இருந்திருக்கலாம். ஆனால் டீ அறைக்குப் போனாள். கதை அவ்வளவு ருசியாக இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"எம் புருசன் அய்யனாரு வெளிய நின்னுகினு இருக்கும்" என்று அதே குரலில் பேசி, கையால் வாயைப் பொத்தியும் காட்டினாள். அறையே குலுங்கியது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் ஆபீஸ் கிளார்க் மாடசாமி, அவள் ஊர்க்காரர். கெட்ட மனிதர் இல்லை. போய் இன்னொருவரிடம் சொல்லிச் சிரித்தார், அவ்வளவுதான். அது சிரிக்காத ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். மேட்ரன் கஸ்தூரியம்மாள் அறையில் இசக்கியம்மாளை நிற்கவைத்துக் கேட்டார். "மயக்கத்துல அந்தம்மா புருஷன் பேரை அய்யனார்னு சொன்னாங்களா?"

அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மயக்கத்தில் பேசுவதற்கு அர்த்தம் கிடையாது, கல்யாணமே ஆகாதவர்கள் பிள்ளையைத் தேடுவார்கள், எல்லாம் உளறல் சார் என்று சொல்லியிருக்கலாம். இதைச் சொல்ல அவளைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரிலேயே கிடையாது. ஆனால் அதிகாரியின் பேனாவைப் பார்த்தாள், தன் பெர்மனெண்ட் வேலை நினைவுக்கு வந்தது.

"ஆமா சார்" என்றாள்.

கோபாலகிருஷ்ணனை சஸ்பெண்ட் செய்தார்கள். திரும்ப எடுத்தபோது ஒரு படி இறக்கி வேறு பிரிவில் போட்டார்கள். அய்யனாரின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள், இனி எந்தக் கான்ட்ராக்டரும் அவனைச் சேர்க்கக் கூடாது. ஒரு நாள் காலையில் வார்டில் வீராயியின் கட்டில் காலியாக இருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை, அவமானத்தில் அவளே போய்விட்டாள். தையல்கூடப் பிரிக்கவில்லை.

அந்தத் தையலை யார் பிரித்திருப்பார்கள்? வருஷக்கணக்காக இசக்கியம்மாளைத் தின்றது இந்தக் கேள்விதான். சோற்றைப் பிசையும்போது வரும், கோயிலில் கண்ணை மூடினால் வரும். அய்யாசாமியிடம்கூட அவள் சொல்லவில்லை. டீ அறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். அவள் கதை சொல்லாததால் அறை களையிழந்தது. என்ன சிஸ்டர், ஸ்டாக் தீர்ந்துபோச்சா என்று டாக்டர் கேலி செய்வார். சிரித்துவைப்பாள்.

கோஆப்பரேட்டிவ் ஸ்டோரில் ஒருமுறை யாரோ ஒரு பெண்ணைக் காட்டி, இவள்தான் அந்தச் சந்திரகலா என்றார்கள். வரிசையில் தனக்குப் பின்னால் நின்ற அவளை இசக்கியம்மாள் முன்னால் போகச் சொன்னாள். அவளும் "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றுவிட்டுப் போனாள். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவளால் முடிந்தது சர்க்கரை வரிசையில் ஒரு இடம். வீராயி ஊர் காடாம்புலியூர் என்று தெரிந்துகொண்டாள். பண்ருட்டிக்குப் போகும்போதெல்லாம் பஸ் அங்கே நிற்கும். இறங்க வேண்டும் என்று கம்பியைப் பிடிப்பாள். கண்டக்டர் விசில் கொடுப்பார், உட்கார்ந்துவிடுவாள்.

கேள்வியை மட்டும் அவளால் விட முடியவில்லை. நோயாளிக்கு அது தேவை. "வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?"

எண்பத்து மூன்றில், பலாப்பழ சீசன். ரோட்டோரம் நின்றிருந்த ஒரு பெண்ணைப் பழம் ஏற்றிய வண்டி இடித்துச் சாய்த்துவிட்டது. அடிபட்டு வருபவர்களைக் கார்டு கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு கையில் எலும்பு இரண்டும் முறிந்திருந்தது, மயக்கம் கொடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். இசக்கியம்மாள் சீட்டைப் பார்த்தாள். வீராயி, கணவர் அய்யனார், காடாம்புலியூர்.

விரல் நுனியெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்த எண்ணெய் பட்டுக் கறுத்து வெந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டிவிடும்போது வயிற்றில் பழைய தழும்பு தெரிந்தது, கோணல்மாணலாக. இசக்கியம்மாளின் கை நின்றுவிட்டது.

"இந்தத் தையல யாரு பிரிச்சா?"

"நாந்தான் சிஸ்டர். பிளேடு வச்சி" என்றாள் வீராயி. அவளும் அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "அன்னிக்கி நீங்கதான என்ன எழுப்பனீங்க. இப்ப என் பேரு சரியாத்தான் போட்டுகிது. அந்தப் பேரச் சொல்லியே கூப்புடுங்க. ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். மயக்கத்துல நான் எதுனா பேசுனா வாயப் பொத்திடுங்க."

"ஏம்மா?"

"என் வாயாலதான எல்லாம் கெட்டுச்சி. எம் புருசன் இன்னிக்கும் சொல்லிக் காட்டும். உன் வாய் சும்மா இருந்திருந்தா நான் மைன்ஸ்ல இருந்திருப்பேன், பெர்மனெண்டுகூட ஆயிருப்பேன்னு. குடிச்சா அடிக்கும். குடிக்காதப்ப பேசவே பேசாது. அதுதான் கஷ்டம்."

டாக்டர் ஊசியோடு வந்துவிட்டார். மருந்து ஏறும்வரை இசக்கியம்மாள் அவளுடைய முறியாத கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது புதிதாக வந்திருந்த மருந்து. தெளியும்போது ஆட்கள் நிறையப் பேசுவார்கள். சத்தமும் வெளிச்சமும் ஆகாது. ஆபரேஷன் முடிந்து பக்கத்து அறைக்கு வந்ததும் இசக்கியம்மாள் எல்லோரையும் வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டாள். வீராயி பேசினாள், அழுதாள், யாரையோ திட்டினாள். இசக்கியம்மாள் தாடையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். வாயைப் பொத்தவில்லை, மூச்சு போகிற வழி அது. அன்று வீராயி என்ன பேசினாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பேச்சு ஓய்ந்து மூச்சு சீரானபோது, "உன் வாயால இல்ல வீராயி, என் வாயாலதான்" என்று காதோரம் முணுமுணுத்தாள். சொன்னதும் வெட்கமாகிவிட்டது. கேட்க முடியாதவளிடம் சொல்லிவிட்டுக் கடனைத் தீர்த்துக்கொள்வதா? காத்திருந்தாள்.

வீராயி கண்ணைத் திறந்தாள். பார்வை நிலைத்தது. "நான் எதுனா பேசினனா சிஸ்டர்?"

"பேசின. அது என்னோட போயிரும். அன்னிக்கும் பேசின, பேசலன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன். நீ பேசினது இந்த ரூமைத் தாண்டியிருக்காது வீராயி. நாந்தான் வெளிய போய் சொன்னேன். டீ குடிக்கிற எடத்துல, எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னேன். ஆபீசர் கேட்டப்பவும் ஆமான்னுட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

வீராயி அவளையே பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று இசக்கியம்மாள் எதையெதையோ எதிர்பார்த்தாள். மன்னிப்பையும் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வீராயி கட்டுப்போடாத கையால் கதவைக் காட்டினாள்.

"அது வெளியதான் நின்னுகினு இருக்கும். என்கிட்ட சொன்னத அதுகிட்ட சொல்லுவீங்களா?"

இசக்கியம்மாள் நாடியை ஒருதரம் பார்த்தாள், தலையணையைச் சரிசெய்தாள். பிறகு திரையை விலக்கி, கதவைத் திறந்து, வராந்தாவில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அய்யனார் யாரு?"

சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த நரைத்த மனிதர் ஒருவர் எழுந்து நின்றார்.