நண்டும் தயிரும் சேராத வீட்டில் ஒரு ப்ரஞ்ச்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கடை வாசலில் ஜனங்கள் வரிசையில் நிற்பதை, அபர்டீனுக்குப் போன முதல் வாரத்தில் பார்த்தேன். எங்கள் அருப்புக்கோட்டையில் அந்த நேரத்து வரிசை என்றால் கறிக்கடையாக இருக்கும். எட்டிப் பார்த்தால், காலைச் சாப்பாட்டுக்காக நிற்கிறார்கள். பதினொரு மணிக்குக் காலைச் சாப்பாடா! எங்கள் வீட்டில் அதற்குள் இட்லி முடிந்து, டீ முடிந்து, மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்ற சண்டையும் முடிந்திருக்கும். காலையிலும் சேராமல் மத்தியானத்திலும் சேராமல் நடுவில் நிற்கும் அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் ப்ரஞ்ச். அதில் அவர்கள் கொண்டாடுவது, வெந்நீரில் உடைத்து ஊற்றி எடுத்த முட்டையை. கத்தியால் தொட்டதும் மஞ்சள் கரு வழிந்து ஓடியது. வேகவில்லை என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பரிமாறிய பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதைவிட இளசாக இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த ஊர்க்காரர் ஒருவரையே பிறகு கல்யாணமும் செய்துகொண்டேன். பெயர் கேலம். வீட்டில் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். இதை அம்மா படிப்பாள் என்பதால் மரியாதையாக ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். முதல் குளிர்காலத்தில் எனக்கு எந்தச் சாப்பாடும் இறங்காமல் நான் துரும்பாய் இளைத்துக் கிடந்தபோது, ஒரு ஞாயிறன்று தட்டோடு வந்து கதவைத் தட்டினார். வழக்கமாக அந்த முட்டைக்கு மேல் வெண்ணெயைக் கரைத்துக் குழம்பாக ஊற்றுவார்கள். அது என் வயிற்றுக்கு ஆகாது என்று, தயிரில் எலுமிச்சை பிழிந்து மிளகைத் தட்டிப் போட்டு, நண்டுச் சதையும் முட்டையுமாகக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கம் மீன், நண்டோடு தயிரைச் சேர்க்க மாட்டோம். மேலெல்லாம் வெள்ளைத் திட்டு விழும் என்பார்கள். அந்தப் பசியில் அதையெல்லாம் யார் நினைத்தார்கள்? தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

போன மாதம் இரண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆபத்தில்லை, ஆனால் எண்ணெயையும் உப்பையும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அப்பா பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் நடுவில் எந்தக் கடையில் சால்னா நன்றாயிருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்த மனுஷருக்குப் போய் அவித்த காயும் சப்பென்ற கஞ்சியும். “வச்சிரு, பெறகு பாப்போம்” என்று தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவார். அந்தப் பிறகு வரவே வராது. அம்மா கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் தானும் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அப்பாவின் சட்டை தோளில் தொங்கியது. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விமானம். அவர் ஒரே ஒருவேளை ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்துவிட வேண்டும், அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்றிருந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

உன்னைச் சாப்பிட வைத்தவனுக்கு உன் அப்பா எம்மாத்திரம் என்றார் கேலம். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் ஊர் வறண்ட ஊர்தான். ஆனால் ராமநாதபுரம் கடலோரத்து நண்டு ஐஸ் பெட்டியில் ஏறி விடியுமுன் வந்துவிடும். அவர் ஒவ்வொரு நண்டாகத் தூக்கிக் கனம் பார்த்த அழகைப் பார்த்து, “எந்த ஓட்டலுக்குத் தாயி இந்தச் சமையக்காரரு?” என்று மீன்கார அக்கா என்னிடம் கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். அக்கா கூச்சப்பட்டுச் சிரித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு என்று ஒரு நண்டைக் கூடுதலாகப் போட்டார்.

அபர்டீனில் விருந்தாளி அடுப்படிக்கு வந்து வெங்காயம் நறுக்கினால்தான் அவர் வீட்டு ஆளாகிவிட்டார் என்று அர்த்தம். எங்கள் ஊரில் மாப்பிள்ளை அடுப்படிப் பக்கம் வந்தால் வீட்டுக்கே அவமானம். “மாப்பிள்ளைய அடுப்புல நிக்க விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் என்ன செய்றீக?” என்று கட்டிலில் இருந்தபடியே அப்பா சத்தம் போட்டார். கேஸ் வீணாகிறது என்று மாமா கோபப்படுகிறார் போல என்று கேலம் அடுப்பைக் குறைத்து வைத்தார்.

வழக்கமாக அந்த முட்டைக்கு அடியில் ரொட்டி வைப்பார்கள். ரொட்டியின் பெயரைக் கேட்டாலே அப்பாவுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம். அதனால் காலையில் அவித்த இட்லியே அடியில் என்று முடிவானது. மஞ்சள் போட்டு அவித்த நண்டிலிருந்து கேலம் பொறுமையாகச் சதையை எடுத்து வைத்தார். கடித்து உறிஞ்ச ஒன்றுமில்லாத நண்டு என்ன நண்டு என்று அம்மா என் காதில் முணுமுணுத்தாள். முட்டையில்தான் சறுக்கியது. தண்ணீரில் சேர்க்க வீட்டில் வினிகர் இல்லை. உடைத்து ஊற்றிய முதல் முட்டை நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. பரவாயில்லை என்று அவர் தயிரை எடுத்து எலுமிச்சை பிழிய ஆரம்பித்தார். அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“இப்பத்தான் அவுக நெஞ்சுல குழாய வச்சு அனுப்பியிருக்காக. நண்டு மேல தயிர ஊத்தப் போறாராடி?”

நான் அங்கே ஒன்றுக்குப் பல தடவை சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அம்மா என் முழங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து கேலமின் அம்மா வீடியோவில் கூப்பிட, அவர் தெருவைக் காட்டப் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் தயிர்க் கிண்ணம் மறைந்துவிட்டது. சட்டியில் தண்ணீர் நிறம் மாறி நுரை கட்டிக்கொண்டிருந்தது. அம்மா புளி கரைத்து ஊற்றியிருக்கிறாள். தட்டிப் போட்ட மிளகு, பூண்டு, கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

“முட்டை வெறுந்தண்ணியில கெடக்குறதப் பாக்க எனக்கு மனசு வரல” என்றாள்.

கேலம் இறங்கி வந்து சட்டியைப் பார்த்தார், கிண்ணம் இருந்த இடத்தைப் பார்த்தார். சாமிக்கு வைத்த தயிரை எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவைக் கும்பிட்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். மாமனாரைக் கொல்லப் பார்த்ததற்குத்தான் மன்னிப்பு என்று அம்மா எடுத்துக்கொண்டாள். தெரியாமத்தானே செஞ்சீக என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். இருவருக்கும் திருப்தி. நான் எதற்கு நடுவில் போய்க் கெடுக்க வேண்டும்?

அடுத்த முட்டையை அவர் அந்தப் புளித்தண்ணீரிலேயே உடைத்து ஊற்றினார். வினிகர் செய்யும் வேலையைப் புளி செய்தது. வெள்ளைக்கரு பிரியாமல் மஞ்சளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உருண்டையாக மிதந்தது. கேலம் கரண்டியை நீட்டி அம்மாவுக்குக் காட்டினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இட்லி, அதன்மேல் நண்டு, அதன்மேல் முட்டை, சுற்றிலும் ஒரு கரண்டி புளித்தண்ணீர். அப்பா விரலால் தொட்டதும் மஞ்சள் கரு உடைந்து இட்லிக்குள் இறங்கியது. அவர் பிசைந்து வாயில் வைத்தார். உப்பு பேருக்குத்தான் இருந்தது. புளிப்பும் காரமும் அதைத் தெரியவிடவில்லை. முதல் இட்லி போனது. இரண்டாவதைக் கேட்டு வாங்கினார். தட்டில் ஓடிய புளித்தண்ணீரை விரலால் வழித்தார். அம்மா சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்றாவது முட்டை வேண்டாம், மஞ்சள் கரு டாக்டருக்குப் பிடிக்காது என்று நான்தான் தடுத்தேன். ஊட்டிவிட ஏங்கிய நானே போதும் என்று தடுக்கும்படி ஆன சந்தோஷத்தை எப்படிச் சொல்வது?

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த அப்பா, என்றைக்கு விமானம் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். அடுப்படியில் நிற்கும் கேலமை ஏற இறங்கப் பார்த்தார்.

“சரி, நீ போயிட்டு வா தாயி. மாப்பிள்ளை இங்கனயே இருக்கட்டும்.”

என்ன சொல்கிறார் என்று கேலம் என்னைப் பார்த்தார். நான் பிறந்த வீட்டில் என்னை வழியனுப்பிவிட்டு அவரை இருக்கச் சொல்கிறார்கள் என்பதை வார்த்தை மாறாமல் மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்சமும் தயங்காமல் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அம்மாவின் தட்டுக்கு இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினார். பெட்டி கட்ட வேண்டியவள் நான் மட்டும்தான் என்று ஆகிவிட்டது.