மச்சான் காட்டிய நீரோட்டம்

அன்று அப்டன் பார்க் பகுதியில், நகைக்கல் வெட்டுபவரின் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், கல் வெட்டுபவர்.

மச்சான் அமெரிக்காவில் ஒரு சுரங்க உரிமை வாங்கி, அங்கே கிடைத்த ஜாஸ்பர் என்ற நகைக் கல்லைக் காட்டி என்னிடம் நாலாயிரம் பவுண் பங்குப் பணம் பெற்றிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அவர் தந்த பங்குப் பத்திரம் விளங்கவில்லை. ஒரு வருடமாக நித்திரை இல்லை. என் சந்தேகத்தைச் சொன்னபோதும் மனைவி அண்ணனைத்தான் நம்பினாள். அவள் கண் முன்னாலேயே அவரை அவமானப்படுத்த வேண்டுமென்று, கல்லுக்கு விலை கேட்போம் என்று சொல்லிக் கூட்டிப் போனேன்.

மச்சான் கல்லைக் குழாயில் நனைத்து வெட்டுபவரிடம் நீட்டினார். "கல்லுக்குள்ளை நீரோட்டத்தைப் பாருங்கோ அண்ணை, என்ன பளபளப்பு!"

"இது குழாய்த் தண்ணியின்ரை ஓட்டம்," என்றார் வெட்டுபவர். "நனைச்சால் செங்கல்லும் மினுங்கும். காயட்டும்."

காத்திருந்தோம். கல் வெளிறியது. வெடிப்புகளில் மட்டும் ஈரம் கறுப்புக் கோடுகளாக நின்றது.

"கல் அறுக்கிற வாளிலை வைச்சால் துண்டு துண்டாப் போகும். நகைக்கு ஏலாது."

நான் விடவில்லை. "மச்சானுக்குக் கேக்கேல்லைப் போல. இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணை."

அவர் சொன்னார். மனைவி தன் அண்ணனைப் பார்த்த பார்வை எனக்கு இனித்தது.

மச்சான் அங்கேயே என் பணத்தில் அறுநூறு பவுணை மேசையில் வைத்தார். இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து நானூறு பவுண்.