நீலம் போட்ட வேட்டி

நலங்குக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. பெண்ணின் முகமெல்லாம் மஞ்சள், தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய், சுற்றிலும் மூடுபனி. இதற்கு நடுவில் எது சரியான நிறம் என்று கேமரா தடுமாறும். ஹட்டனில் ஸ்டூடியோ வைத்து இருபது வருஷமாகிறது. நானும் தடுமாறத்தான் செய்கிறேன். போதாக்குறைக்கு, "அண்ணே, புள்ளைய கொஞ்சம் வெள்ளையா காட்டுங்க" என்று எல்லா வீட்டிலும் ஒரே பல்லவி.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து நலங்கில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன். கல்யாணப் பெண்ணின் அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். லீவு கிடைக்கவில்லை. நலங்குக்கு உடுத்தவென்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை வாங்கி, ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மகளை வளர்த்தது அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. அந்த அம்மாவுக்கும் நாத்தனாருக்கும் எப்போதுமே ஆகாது.

அவர்களின் லயத்து வீட்டு வாசலில் தார்ப்பாய்ப் பந்தல். அதன் கீழே எல்லாமே நீலம் பாய்ந்து தெரிந்தது. இந்த மாதிரி இடத்தில் ஏதாவது வெள்ளைப் பொருளைப் படம் பிடித்து, 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்ற நிறங்களை அது அதை வைத்துச் சரிசெய்துகொள்ளும். இதற்கென்றே ஒரு சாம்பல் நிற அட்டை உண்டு. என் பையின் அடியில் கிடந்தது. தோண்டி எடுக்கச் சோம்பல். பெண்ணின் அப்பா பளிச்சென்ற வேட்டியில் நின்றார். அதையே காட்டிவிட்டேன்.

எங்கள் பக்கம் வேட்டியை நீலம் போட்டுத்தான் அலசுவோம். என் வீட்டிலும் அப்படித்தான். கண்ணுக்குத்தான் அது வெள்ளை. கேமராவுக்கு நீலத் துணி. அந்த நீலத்தையும் சேர்த்துக் கழிக்கப் போய், எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றிவிட்டது. பெண்ணின் முகம் தங்கமாய் ஜொலித்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. சேலை காப்பி நிறமாகிப் போனதை நான் கவனிக்கவேயில்லை. அவ்வளவு களைப்பு.

படங்கள் குவைத்துக்குப் போன மறுநாள் அந்த அம்மா போனில் எனக்கே கோல் எடுத்தார்.

"அண்ணே, ரெண்டு வெள்ளிக்கெழம லீவுலயும் கடை கடையா ஏறி எறங்கி வாங்குன சேலைங்க. அதக் கட்ட விடாம வேற எதையோ கட்டி விட்டுருக்கா என் நாத்தனா."

என் தப்பை எடுத்துச் சொன்னேன். "நீங்களும் அவங்களோட சேந்துக்கிட்டுப் பேசாதீங்க" என்றார். வீட்டார் அந்தச் சேலையை வீடியோ கோலில் காட்டியதற்கு, "அன்னைக்குக் கட்டாததை இப்ப காட்டி என்னத்துக்கு?" என்று போனை வைத்துவிட்டாராம். அதன் பிறகு வீட்டுக்குக் கோல் இல்லை. மகளோடும் பேச்சில்லை. படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்திப் பார்த்தேன். கேமரா கழித்துவிட்ட நீலம் ஒழுங்காகத் திரும்பவில்லை; சேலை சரியானால் முகம் நீலமாகிப் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, பெண்ணின் அப்பாவிடம் அதே வேட்டியை இரவல் வாங்கிக்கொண்டு, அவள் வாழப்போன உடப்புசல்லாவைத் தோட்டத்துக்குப் பஸ் மாறி மாறிப் போனேன். விறகை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை எடுத்து வாசலில் கட்டினோம். கொழுந்து பறித்துவிட்டு வந்தவள் முகம் கழுவி, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு தார்ப்பாயின் கீழே நின்றாள். முதலில் வேட்டியைக் கேமராவுக்குக் காட்டி ஒரு படம். சேலை காப்பி நிறம். பிறகு அட்டையைக் காட்டி ஒரு படம், கத்தரிப்பூ. இரண்டையும் அங்கிருந்தே அம்மாவுக்கு அனுப்பினேன்.

"அம்மா இனி பேசுவாங்களா மாமா?" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவின் குரல் பதிவு வந்தது.

"என் சேலதாண்ணே. நான்தான் புத்தி கெட்டுப் போயி நாத்தனாவ வஞ்சிட்டேன்." பதிவு அதோடு நிற்கவில்லை. "அண்ணே, ரெண்டாவது படத்துல புள்ள மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு. மொத படத்துல நல்லாத்தானே இருக்கா. இதுவும் கேமரா கோளாறுதானேங்க?"

நுவரெலியா வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு, "இல்லம்மா, அந்தப் படத்துல கலரெல்லாம் சரியாத்தான் இருக்கு. மகளுக்கு ஒரு கோல் எடுங்க" என்று அனுப்பினேன்.