இன்னும் கொஞ்சம் உயத்து

அந்தப் பதாகையைக் கட்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாரிஸின் லா சப்பலில் ஞாயிறு என்றால் மெத்ரோ வாசலிலேயே சனம் முட்டிக்கொண்டு நிற்கும். நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் முதலாளி ஏணியின் உச்சியில் நின்றார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அத்தான், அக்காவின் கணவர். பதாகையில் இருந்தவன் அவர்களுடைய மகன், என் மருமகன். இரு முனையும் கூர்ந்த பந்தொன்றை வலக்கையில் பிடித்து, தலைக்கு மேலே உயர்த்தி, எறியப்போகிற நிலையில் நின்றான். அந்தக் கை இருந்த மூலைதான் கட்டுக்கு அடங்காமல் மடிந்து மடிந்து தொங்கியது.

"கை தெரியேல்லை அண்ணை, இன்னும் கொஞ்சம் உயத்துங்கோ."

"இதுக்கு மேலை உயத்தினா நான்தான் மேலை போகோணும்."

"எறியிற கை தெரியாட்டி பேந்தென்னத்துக்கு உது? உயத்துங்கோ, நான் பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள். அத்தான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்து, பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். நான் கடைக்குள்ளே கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் இணையும் முதல் ஈழத் தமிழ் மைந்தனை வாழ்த்துகிறோம் என்று எழுதியிருந்தது. அவன் இன்னும் எதிலும் இணையவில்லை.

எனக்குப் பயம் புதிதில்லை. நான் பயந்த சுபாவக்காரன். ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது சண்டையில் ஊரே எழும்பி நடந்தது. அதோடு என் படிப்பும் போய்விட்டது, அன்றைக்குப் பிடித்த பயம் மட்டும் போகவில்லை. தொலைபேசி மணி அடித்தால் யாருக்கோ ஏதோ என்று நினைப்பேன். விசா கொடுக்கிற பிரெபெக்சர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் உடைப்பதற்கு முதல் தண்ணீர் குடிப்பேன். ஆகவே அன்றைக்கு நான் "இப்ப உது தேவையோ அத்தான், அவன் போய் ஒரு முடிவு தெரியட்டுமே" என்று சொன்னபோது ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "இவன் ஒருத்தன், கலியாண வீட்டிலையும் அம்புலன்ஸ் நம்பரைத் தேடுவான்" என்றார் முதலாளி. அத்தானும் சிரித்தார். அவர் சந்தோசமாக இருந்தார். அதற்கு மேலே கதைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் எப்படி அந்த விளையாட்டுக்குப் போனான் என்பதைச் சொல்ல வேண்டும். பாரிஸின் புறநகரான செவ்ரானில் அவர்களுடைய வீட்டுக்குக் கிட்ட இருந்த பார்க்கில் கோடைக்காலத்தில் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். டென்னிஸ் பந்துக்கு டேப் சுற்றி, மரப்பெட்டியை விக்கெட்டாக வைத்து விளையாடுகிற விளையாட்டு. அத்தான் அதில் பெரிய ஆள். மகனை எல்லைக்கோட்டில் நிறுத்துவார். அவன் ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி எறிந்தால், நிலத்தில் ஒருமுறையும் குத்தாமல் நேரே பெட்டியில் வந்து படும். பக்கத்து மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்துக் கழகம் ஒன்று பயிற்சி எடுக்கும். அதன் பயிற்சியாளர் ஒருநாள் வேலியோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தார். தன்னிடம் இருக்கிற பெடியன்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து பந்தை உதைத்து வளர்ந்தவர்கள், ஒருவனுக்கும் எறியத் தெரியாது என்று அத்தானிடம் சொன்னார். அவனைத் தரும்படி கேட்டார். பெண் கேட்டது போலத்தான் இருந்தது என்று அத்தான் பிறகு பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த விளையாட்டில் அவனுடைய இடத்துக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். பந்து முதலில் அவனுடைய கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும். அவன் முடிவெடுப்பதற்குள் எதிரணியின் மலை மலையான ஆட்கள் அவனை விழுத்த ஓடி வருவார்கள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அக்கா ஒரு தடவை பார்க்கப் போனாள். முதல் ஆள் அவன்மேல் விழுந்தவுடனேயே எழுந்து போய்க் கார் நிறுத்துமிடத்தில் நின்றாள். நான் தொடர்ந்து போனேன். ஆனால் பந்து எங்கே போனது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லாரும் பந்தோடு ஓடிப்போன பிறகு புல்லில் கிடக்கிற அவன் எழும்புகிறானா என்றுதான் பார்ப்பேன். எழும்பி, தலைக்கவசத்தைக் கழற்றி, நான் இருக்கிற பக்கம் பார்த்து "தான்கியெத், மாமா" என்பான். கவலைப்படாதே என்பதற்கு இங்கத்தைய பெடியன்கள் சொல்கிற வார்த்தை. அதை அவன் எனக்கென்றே வைத்திருந்தான்.

பிறகு அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி அவனைக் கூப்பிட்டு இடம் கொடுத்தது. சனிக்கிழமைகளில் அங்கே பகல் ஆட்டம் நடக்கும்போது இங்கே கடை பூட்டுகிற நேரமாக இருக்கும். முதலாளியின் தொலைபேசியை வெங்காய மூட்டைமேல் சாய்த்து வைத்து நின்றபடியே பார்ப்போம். வேலை முடிந்து வரும் அத்தான், பக்கத்துச் சலூன்காரர், சாமான் வாங்க வந்து போகாமல் நிற்கிறவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் சேரும். அவன் நன்றாகவே விளையாடினான். கடைசி வருடம் நெருங்கியபோது, பெரிய அணிகள் அவனை எடுக்குமா என்கிற கதை தொடங்கியது.

"அண்ணை, அந்தக் கொலிஜ் எங்கை கிடக்கு?" என்று சலூன்காரர் அத்தானைச் சீண்டுவார். "மேப்பிலை தேடினாச் சோளத் தோட்டம்தான் வருது."

"சோளத் தோட்டத்திலை நிண்டு எறிஞ்சாலும் எறி எறிதானே," என்பார் முதலாளி.

"எறி எறிதான். ஆனா பெரிய அணியளிலை எறிய விடுவாங்களோ? இந்தக் கொலிஜிலை இவனை விழுத்த வாறவன் படிப்பு முடியப் பாங்கிலை வேலைக்குப் போறவனாயிருப்பான். அங்கை வாறவனுக்கு உதுதான் வேலையே."

சலூன்காரர் சொல்வதில் உண்மை இருப்பது அத்தானுக்கும் தெரியும். ஒரு கோடை விடுமுறையில் மருமகன் வந்திருந்தபோது நானே அவனிடம் அதைக் கேட்டேன். கடையின் பின்பக்கம் பெட்டிகளை மடித்துக்கொண்டு நின்றோம். அவன் சொன்னான்:

"கை எல்லாருக்கும் இருக்கு மாமா. நேரம்தான் வித்தியாசம். என்ரை கொலிஜிலை பந்து பிடிக்கிற எங்கடை ஆள் தடுக்கிறவனை வெட்டி விலகினதைக் கண்டிட்டு எறிஞ்சாலும் காணும். அங்கை அவன் விலக முந்தியே எறியோணும். இன்னும் திறக்காத கதவுக்குள்ளாலை எறியிற மாதிரி."

"உனக்கு அது ஏலுமோ?"

"தெரியாது. அதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் ஆசை. ஏலாதெண்டாலும் பரவாயில்லை மாமா, தெரிஞ்சாக் காணும்."

அந்தப் பேச்சை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அவன் புகழைக் கேட்கவில்லை. சின்ன இடத்தில் வளர்ந்த தன்னுடைய கை பெரிய இடத்தில் செல்லுமா செல்லாதா என்று ஒரு பதில்தான் கேட்டான். அந்தப் பதில்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

படிப்பு முடிகிற நேரம் ஒரு பெரிய அணி அவனைக் கூப்பிட்டது. ஒப்பந்தம் இல்லை, சில நாள் பயிற்சி முகாம் ஒன்றில் எறிந்து காட்ட வேண்டும். "எஸே மாதிரி, அப்பா" என்று அவன் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னானாம். எஸே என்றால் என்னவென்று லா சப்பலில் தெரியாதவர்கள் இல்லை. இங்கே எந்த உணவகக் குசினிக்கு வேலைக்குப் போனாலும் முதலில் எஸே செய்ய வேண்டும். ஒருநாள் கோப்பை கழுவிக் காட்ட வேண்டும். பிடித்தால் வைத்திருப்பார்கள், பிடிக்காவிட்டால் பிறகு கூப்பிடுகிறோம் என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். அத்தானும் அப்படித் திரும்பி வந்தவர்தான், நானும்தான். எஸேக்குப் போகிற அன்று வீட்டில்கூடச் சொல்லாமல் போகிற ஆட்கள் நாங்கள். ஆனால் நல்லது கெட்டது எது நடந்தாலும் பதாகை அடிக்கிற பழக்கம் எங்களிடம் ஊறிப்போய்விட்டது. பிறந்தநாளுக்கு, பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு, செத்த வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அடிப்போம். முதலாளி எங்கள் ஆட்களின் விளையாட்டுக் கழகத்துக்கும் தலைவராக இருந்தார். வேறு யாரும் முந்திவிடக் கூடாது என்று அந்தக் கிழமையே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

முகாமின் இரண்டாம் நாள் அவனை அனுப்பிவிட்டார்கள். தோள் விட்டுவிட்டது என்ற செய்தி மட்டும் வந்தது.

முழுக் கதையையும் அவன் எனக்குச் சொன்னது பிறகு, பாரிஸுக்குத் திரும்பி வந்து, சத்திரசிகிச்சை முடிந்து, கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்த காலத்தில். வைத்தியசாலையிலிருந்து செவ்ரானுக்கு ஆர்.ஈ.ஆர். புறநகர் ரயிலில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். கல்லூரியில் கடைசி ஆட்டங்களில் ஒன்றில், எறிகிற நேரத்தில் ஒருவன் கையோடு சேர்த்து அவனை விழுத்தியிருக்கிறான். தோளுக்குள்ளே கிழிந்திருக்கிறது. உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், ஒரு வருடம் ஓய்வு வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இந்த அழைப்பை விட்டுவிடு, ஆறின பிறகு ஐரோப்பாவில் எங்காவது ஆடிவிட்டுத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்று கல்லூரிப் பயிற்சியாளரும் சொல்லியிருக்கிறார். அவனும் சரி என்று முடிவெடுத்து, அப்பாவிடம் சொல்வதற்குத் தொலைபேசியைக் கையில் எடுத்திருக்கிறான்.

"எடுக்கேக்கை ஃபோட்டோ வந்துது மாமா. ஒண்டில்லை, எல்லாரும் அனுப்பினவை. அப்பா ஏணியைப் பிடிச்சுக்கொண்டு மேலை பாத்துச் சிரிக்கிறார். அப்பிடி அவர் சிரிச்சு நான் கண்டதே இல்லை."

"அதுக்காண்டி போனியோடா?"

"நோ தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு போனன். முதல் நாள் நல்லா எறிஞ்சன் மாமா, உண்மையா. ஆனா அது என்ரை கை இல்லை. ஊசியின்ரை கை."

எனக்கு எல்லாவற்றுக்கும் பயப்படத் தெரிந்திருந்தது, ஆனால் ஒரு சிரிப்புக்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாமல் போய்விட்டது. "அப்பாட்டை இதைச் சொல்லாதையுங்கோ" என்றான். நான் சொல்லவில்லை. அத்தானுக்கு அது தெரியாமல் இருந்தது என்றும் என்னால் சொல்ல முடியாது. வைத்தியத் தாள்களில் காயம் எப்போது பட்டது என்று இருந்தது. அவரும் அதைப் பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகு அத்தான் லா சப்பலுக்கு வருவதைக் குறைத்தார். வந்தால், "என்னண்ணை, மகன் எப்ப டிவியிலை வருவான்?" என்று தெரியாதவர்கள் கேட்டார்கள். தெரிந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் அவர் வாங்குகிற கத்தரிக்காயை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தார்கள். பிறகு வேறொரு புறநகரான பியர்ஃபித்தில் ஒரு கடையில் சாமான் வாங்கத் தொடங்கினார். வீட்டில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். கோபம் கிடையாது. கோபம் இருந்தால் ஒருநாள் வெடித்து முடிந்திருக்கும். அப்பா "உப்புக் காணுமோ" என்பார். மகன் "ஓம்" என்பான். அக்கா என்னிடம் தொலைபேசியில் அழுவாள். மருமகனுக்கு ரொய்சி விமான நிலையத்தில், பெட்டிகள் போகிற பாதையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற வேலை கிடைத்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கணத்தில் கண்டு முடிவெடுக்க வேண்டும். அவன் அதில் கெட்டிக்காரன் என்றார்கள். கேட்கச் சந்தோசமாக இருக்கவில்லை.

பதாகையை முதலாளி கன காலம் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள் என்று விட்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் மூலை கிழிந்து விழுந்தது. நல்ல தடித்த துணி என்று வீசவும் மனமில்லாமல், வாசலில் அடுக்கும் பெட்டிகளை மூடுவதற்கு வைத்துக்கொண்டார். எழுத்து உள்பக்கம் போகும்படி நான்தான் மூடுவேன். காலையில் எடுத்து மடிக்கிறபோது படத்தில் அவனுடைய அந்தக் கை முருங்கைக்காய்க் கட்டுகள்மேல் கிடக்கும்.

கடந்த குளிர்காலத்தில் அத்தான் வேலைக் குசினியில் உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எழும்பவில்லை.

கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்குப் படம் தேடியபோது அக்காவிடம் கடவுச்சீட்டுப் படங்களைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. முதல் பதாகை கட்டிய நாளில் மற்றவர்கள் எடுத்த ஒரே ஒரு படத்தில்தான் அவர் சிரித்தார். ஏணியை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் மேகமும் பக்கத்தில் குத்துவிளக்கும் வைத்து அச்சகத்தில் கொடுத்தார்கள். அதே கடை, அதே சுவர், அதே கொளுக்கிகள். அப்பாவுடையதைத் தானே கட்டுவதாக மருமகன் சொல்லி ஏணியில் ஏறினான். நான் கீழே பிடித்தேன். ஒரு பக்கத்தை ஏற்கெனவே முதலாளி கட்டியிருந்தார். மற்ற மூலையின் கயிற்றை மருமகன் இடக்கையால் கொளுக்கியில் போட்டுப் பார்த்தான். நழுவியது. முடிச்சுக்கு இரண்டு கையும் வேண்டும். வலக்கையையும் உயர்த்தினான். காது மட்டத்துக்கு வந்து அது நின்றது.

முதலாளி தெருவின் மறுபக்கத்தில் நின்று, அளவு பார்த்தபடி, பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"தம்பி, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் உயத்து."

சொன்னவுடனேயே அவருடைய முகம் கறுத்தது. சலூன்காரர் நிலத்தைப் பார்த்தார். மருமகன் கையை இன்னும் உயர்த்தப் பார்த்தான், ஏணி அசைவது என் கைகளுக்குத் தெரிந்தது. நான் ஏறட்டுமா என்று கேட்க வாய் திறந்தேன்.

"தான்கியெத், மாமா," என்றான், கீழே பார்க்காமல்.

பிறகு, தன் கை எட்டிய உயரத்தில் சுவரோடு ஓடிய குழாயில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினான். அதைச் சரிசெய்ய ஒருவரும் ஏறவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை பதாகை ஒருபக்கம் சரிந்தபடியே கிடந்தது. அத்தான் அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, மேலே, வெறும் கொளுக்கி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.